தொடாமல் விட்ட கோப்பு

உங்கள் மேசைக் கணினியிலும் ஏதாவது ஒரு மென்பொருளை நீங்களே ஏற்றியிருப்பீர்கள். வட்டைச் செருகினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து, முடிந்தது. அந்த ஐந்து சொடுக்குகளுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்தேன்.

பெயர் வெண்டல் கிட்டில்சன், வயது ஐம்பத்தொன்பது. துலூத் நகரத்தில் நைஹஸ் கண்ட்ரோல்ஸ் என்று ஒன்பது பேர் கொண்ட கம்பெனி. ஒருவர் எழுதுவார், ஒருவர் சோதிப்பார், நான் பெட்டி கட்டுவேன். எழுதி முடித்த மென்பொருளில் நூற்றுச் சொச்சம் கோப்புகள் இருக்கும். எது எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும், எது பழையதை நீக்கிவிட்டு உட்கார வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே இன்ஸ்டாலராக மடித்து வட்டில் பதித்து அனுப்புவது. விருந்தில் பாத்திரம் அடுக்குகிறவனை யாரும் எழுப்பி நிறுத்திக் கைதட்டுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஜாய்ஸ் ஹாவ்லிக்கைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு வருகிறேன். லிட்டில் டாமரக் ஊரில் அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்ட பனி ஹாக்கி அரங்கத்தில் இரண்டு பெண் குழந்தைகள் செத்துப்போனார்கள். அதற்கு அவர்தான் காரணம் என்று அடுத்த வாரம் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தப் போகிறீர்கள். அவர் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் நூற்றுப்பத்து மைல் வண்டி ஓட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், நானாக வந்தேன். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டாயிற்று. வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மென்பொருள் பனி அரங்கங்களில் காற்றைக் கவனிக்கிறது. இந்த மாநிலத்தில் பிறந்தவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. கதவெல்லாம் இறுக்கிச் சாத்தியிருக்கும். உள்ளே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் புரொப்பேன் வாயுவில் ஓடும் வண்டி ஒன்று சுற்றிச் சுற்றி வந்து பனியை மழுமழுவென்று ஆக்கும். அந்த வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். சுவரில் நான்கு உணர்கருவிகள் இருக்கும். அவை காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும். எண் வரம்பைத் தாண்டினால் அலுவலக அறைக் கணினியில் இருக்கும் எங்கள் மென்பொருள் கூரை விசிறிகளை ஓடவிட்டு மணி அடிக்கும். தாண்டாதவரை திரை பச்சையாக இருக்கும்.

அந்த வரம்பு ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பு, யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். முந்நூற்றைம்பது என்று ஒரு வரி. அதற்கு மேலே, முதல் வரியில், அரங்கப் பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத ஓர் இடம். எங்கள் கையேட்டின் நான்காம் பக்கத்திலேயே 'தயவுசெய்து நிரப்பவும்' என்று போட்டிருக்கிறது. ஒழுங்கான பொறுப்பாளர்கள் நிரப்பினார்கள். சோம்பேறிகள் அப்படியே விட்டார்கள். நூற்று நாற்பத்து மூன்று அரங்கங்களில் ஐம்பத்தெட்டுப் பேர் ஒழுங்கானவர்கள். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், ஏதாவது சிக்கல் என்று ஒரு தடவையாவது கூப்பிடாத அரங்கம் இல்லை, கூப்பிடுகிறவர்களிடம் கோப்பை அனுப்பச் சொல்லி வாங்கி, ஊர்ப் பெயர் போட்டு நான் சேர்த்து வைப்பது வழக்கம். வேறு யாரும் கம்பெனியில் அதைச் செய்யவில்லை.

இப்போது ஒரு விதி. இன்ஸ்டாலர் கட்டும் கருவிக்குள்ளேயே இருக்கும் விதி இது, என்னுடையது அல்ல. ஒரு கோப்புக்கு இரண்டு தேதிகள் உண்டு, பிறந்த தேதி, கடைசியாகத் திருத்திய தேதி. இரண்டும் ஒன்றாக இருந்தால் மனிதக் கை படவில்லை என்று அர்த்தம். இன்ஸ்டாலர் அதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். இரண்டும் வேறாக இருந்தால் யாரோ தன் தேவைக்குத் திருத்தியிருக்கிறார்கள், அது அவர்களுடைய சொத்து என்று விட்டுவிடும். விட்டுவிட்டேன் என்று சொல்லாது. 'முடிந்தது' என்றுதான் சொல்லும். கட்டாயம் மாற்றியே ஆக வேண்டிய கோப்பாக இருந்தால், பெட்டி கட்டுகிறவன் அதற்கென்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வரி.

எட்டு வருடத்துக்கு முன் நான் அந்த வரியைச் சேர்த்தேன். வேறொரு திருத்தத்துக்காக. எல்லா அரங்கங்களிலும் அவரவர் போட்டு வைத்திருந்த அளவுகள் அழிந்துபோயின. பருவத்தின் முதல் வாரம். விசிறிகள் நேரம்கெட்ட நேரத்தில் ஓடி, பனி உருகி, ஆட்டங்கள் நின்று, அறுபது தொலைபேசி அழைப்புகள். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொண்டேன். முதலாளி டேல் நைஹஸும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்காக வைத்திருந்தார். மனைவி, மக்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"இந்த வருஷம் நம்ம எல்லாரோட உழைப்பையும் ஒரே சொடுக்குல அழிச்ச மகராசன் ஒருத்தர் இருக்கார். வாய்யா வெண்டல், முன்னாடி வா, வெக்கப்படாதே."

ஓர் அடி நீளத்துக்கு இளஞ்சிவப்பு அழிரப்பர் ஒன்றைக் கையில் கொடுத்தார். ரிப்பன் கட்டியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், பாவம், வேறென்ன செய்வாள். நானும் சிரித்தேன். மறுநாள் டேல் வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: வாடிக்கையாளர் கோப்பைத் தொடாதே. அது எட்டு வருடமாக அழியாமல் இருந்தது. யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாளை இவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருப்பது என் சுபாவம், எல்லாவற்றையும் அப்படித்தான் நினைவு வைத்திருப்பேன்.

போன செப்டம்பருக்கு வருகிறேன். பழைய உணர்கருவி செய்துகொண்டிருந்த கம்பெனி மூடிவிட்டது. வேறிடத்தில் புதிய கருவி வாங்கினோம். எல்லா அரங்கங்களிலும் மாற்ற ஏற்பாடு. புதிய கருவி நல்ல கருவிதான். ஆனால் அது பேசும் எண் வேறு. பழையது முந்நூற்றைம்பது என்று சொன்ன அதே காற்றை இது முப்பத்தைந்து என்று சொல்லும். ஆகவே மென்பொருளோடு சேர்த்துப் புதிய வரம்புக் கோப்பும் போக வேண்டும், முப்பத்தைந்து என்று எழுதியது. ஓர் அரங்கத்தில் புதிய கருவியும் பழைய கோப்பும் சேர்ந்து இருந்துவிட்டால், காற்று பத்து மடங்கு கெட்ட பிறகுதான் மணி அடிக்கும். அதுவரை திரை பச்சை.

கூட்டத்தில் டேல் இதை விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். இது கூட்டக் குறிப்பில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.

"டேல், கஸ்டமர் ஃபைலைத் தொடக் கூடாதுங்கற ரூல் இன்னும் இருக்கா?"

"ஏன்யா, மறுபடியும் ரப்பரைத் தூக்கப் போறியா?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. டேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ரூல்னா ரூல்தான். நீ பெட்டியைக் கட்டு வெண்டல். உள்ள இருக்கறதை நாங்க பார்த்துக்கறோம்."

நான் எச்சரித்தேனா என்று கேட்கிறீர்கள். கேள்வி கேட்டேன். ஐம்பத்தெட்டு அரங்கங்களில் பழைய வரம்பு அப்படியே தங்கிவிடும் என்று சொன்னேனா என்றால், இல்லை, அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அது என் நாக்கு நுனி வரை வந்தது. அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடிக்கும்போது அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றுதான் பதில் வரும் என்று எனக்கு முன்பே தெரியுமா என்றால், தெரியும்.

சரி, அது டேல். மார்னி கேட்டாள். மார்னி எங்கள் சோதனைக்காரி, இருபத்தொன்பது வயது, கெட்டிக்காரி. வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

"வெண்டல், பழைய ஃபைல் இருக்கற எடத்துல புதுசு போய் உக்காருமா? பார்த்துட்டீங்களா?"

"வா, காட்டறேன்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்டாலரை எப்போதும் சுத்தமான கணினியில்தான் சோதிப்போம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, புதிதாய்ப் பிறந்த மாதிரி இருக்கும் கணினி. நல்ல வழக்கம். அதில் பழைய மென்பொருளை ஏற்றினேன். அதன் மேல் புதிய இன்ஸ்டாலரை ஓடவிட்டேன். அடுத்து, அடுத்து, முடிந்தது. கோப்பைத் திறந்தேன், முப்பத்தைந்து. யாரும் கை வைக்காத கோப்பு, தேதிகள் இரண்டும் ஒன்று, மாறாமல் என்ன செய்யும்.

"நெசமாவே ஒரு அரங்கத்துல இருந்து ஃபைல் வாங்கி ஒரு தடவ போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். சொன்னேனே, கெட்டிக்காரி.

"ஊர்ல இருக்கற குப்பையெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு வரும். எது நம்ம தப்பு, எது அவங்க தப்புன்னே தெரியாது. சுத்தமான மெஷின், அதான் நம்ம வழக்கம். மறந்துட்டியா?"

"சாரி," என்று சொல்லிவிட்டு அவள் பட்டியலில் சரி போட்டாள். என் மேசை இழுப்பறையில் அப்போது ஐம்பத்தெட்டு ஊர்களின் கோப்புகள் ஒரு வட்டில் இருந்தன. அவளிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. சுத்தமான கணினியில் சோதிப்பது உண்மையாகவே நல்ல வழக்கம்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சிலருக்குச் சொன்னால் புரியாது, பட்டால்தான் புரியும். பெட்டி கட்டுகிறவன் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்று டேல் ஒரு நாள், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டு மூன்று அரங்கங்களில் யாருக்காவது தலை வலிக்கும், கூப்பிடுவார்கள், விஷயம் வெளியே வரும், நான் ஒரே நாளில் சரிசெய்து கொடுப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். யாரும் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. சாகலாம் என்று நினைத்தேனா என்பது வேறு கேள்வி. நான்தான் வரம்பையும் விஷத்தையும் இருபத்திரண்டு வருடமாகப் படித்தவன் ஆயிற்றே.

அக்டோபர் கடைசியில் வட்டுகள் போயின. நவம்பர் பதினொன்றாம் தேதி, நான் கணக்குப் போட்ட மாதிரியே, முதல் அழைப்பு வந்தது. ஸ்டோனி ஃபோர்டு அரங்கத்து லைல். நல்ல மனிதர், கொஞ்சம் கத்திப் பேசுவார்.

"யோவ் வெண்டல், என்னய்யா அனுப்பியிருக்கீங்க? கிழவனுங்க டீம்ல நாலு பேரு தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டானுங்க. ஒருத்தன் வாந்தி எடுக்கறான். உங்க பொட்டி என்னடான்னா பச்சையா பல்லை இளிக்குது."

கோப்பைத் திறக்கச் சொன்னேன். முந்நூற்றைம்பதை முப்பத்தைந்து ஆக்கச் சொன்னேன். உடனே விசிறிகள் ஓடின. தொலைபேசியிலேயே அந்தச் சத்தம் கேட்டது.

"அட, இவ்ளோதானா? ஆமா, மத்த ஊருக்காரங்களுக்கும் இதைச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கிட்டு இருக்கோம் லைல்."

சொல்லவில்லை. பட்டியல் கையில் இருந்தது, ஐம்பத்தேழு எண்கள். ஒரு பிற்பகலில் முடித்திருக்கலாம். தொலைபேசியை எடுத்தும்விட்டேன். அப்போது டேல் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, லைலா? என்னவாம்?" என்றார். "ஒண்ணுமில்ல, சின்ன விஷயம், சரி பண்ணிட்டேன்" என்றேன். "சபாஷ்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பாருங்கள், நான்கு கிழவர்களின் தலைவலி டேலுக்கு அவ்வளவுதான். 'வெண்டல் சொன்னான், கேட்கவில்லை' என்று அவர் வாயால் வர அது போதாது. தொலைபேசியைக் கீழே வைத்தேன்.

அந்தத் தாளை ஏன் என் பக்கம் நகர்த்துகிறீர்கள்? எல்க் பிரேரி அரங்கத்தின் வருகைப் பதிவேடா. சரி. அதையும் பார்த்துவிட்டீர்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆமாம், அது என் கையெழுத்துதான். அக்டோபர் பதினாறு, மதிய நேரம். வட்டுகள் இன்னும் அஞ்சலுக்குப் போகவில்லை. அங்கே மட்டும் முதல் ஆளாகக் கருவி மாற்றியிருந்தார்கள். நானே டோனட் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பொறுப்பாளரிடம் வழக்கமான சரிபார்ப்பு என்றேன். புதிய மென்பொருளை என் கையாலேயே ஏற்றினேன். பிறகு அவருடைய கோப்பைத் திறந்து, எண்ணை மாற்றி, சேமித்து, விசிறியையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். என் மகள் வீடு எல்க் பிரேரியில். பேத்தி பிரிட்டா அந்த அரங்கத்தில்தான் கோல் காக்கிறாள். ஒன்பது வயது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: யாராவது சாகலாம் என்று அக்டோபர் பதினாறாம் தேதியே எனக்குத் தெரியும். தலைவலியோடு நிற்கும் என்று நம்பியிருந்தால் நான் அறுபது மைல் போயிருக்க மாட்டேன், அதுவும் சரி. இதை இப்படி அடுத்தடுத்து வைத்து நான் யோசித்ததில்லை. நீங்கள் வைக்கும்போது நன்றாகத்தான் தெரிகிறது.

ஜாய்ஸ் கூப்பிட்டது டிசம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டேன். வருடத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவார், ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைப்பார். பேசிக்கொண்டே இழுப்பறையிலிருந்த வட்டைச் செருகி அவருடைய கோப்பைத் திரையில் எடுத்தேன். முதல் வரியில் பெயர், எண். அதற்குப் பக்கத்தில் கையேடு கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதியிருந்தார்: எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம்.

"வெண்டல், நாளைக்கு இங்க டோர்னமென்ட். எட்டு டீம், எல்லாம் பத்து வயசுக்குள்ள பொண்ணுங்க. அதான் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. தொந்தரவு பண்றேனா?"

"அதெல்லாம் இல்ல ஜாய்ஸ். ஸ்க்ரீன் என்ன காட்டுது?"

"பச்சைதான். ஆனா நம்பரு ரொம்பக் கம்மியா இருக்கு. போன வருஷம் சும்மா இருக்கும்போதே நூறு, நூத்திருபதுன்னு காட்டும். இப்ப பத்து, பன்னெண்டுன்னு நிக்குது. கருவி ஏதும் கெட்டுப்போச்சோ?"

மூன்று மாதத்தில், நூற்று நாற்பத்து மூன்று அரங்கங்களில், சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று கூடத் தோன்றியது.

"கம்மியா இருந்தா நல்லதுதானே ஜாய்ஸ்."

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. விசிறியும் ஓடறதே இல்லையா, அம்மாக்காரிங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம், இந்த வருஷம்தான் குளிரலயாம். நாளைக்கு நீங்களும் வாங்களேன். மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் ரெண்டு பெரிய தட்டு செய்யறேன்."

"நாளைக்கு எங்க பேத்திக்கு ஆட்டம் இருக்கு."

"அப்ப அங்கதான் போகணும் நீங்க. ரொம்ப நன்றி வெண்டல். இப்பதான் நிம்மதியா இருக்கு."

சனிக்கிழமை எல்க் பிரேரியில் பிரிட்டா இரண்டு கோல்கள்தான் விட்டாள். நடுவில் கூரை விசிறிகள் மூன்று முறை ஓடின. குளிர் உள்ளே இறங்கியது. பின் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவளுக்குச் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். திரும்பும் வழியில் வண்டி வானொலியில் சொன்னார்கள்.

டெலனி பிராட், ஒன்பது வயது. இங்க்ரிட் சொபோட்டா, எட்டு வயது. நான்காம் எண் உடைமாற்றும் அறை, வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு அடுத்த சுவர். மூன்றாவது ஆட்டம் முடிந்து தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். களைப்பு, கொஞ்சம் படுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். கால் கவசத்தைக் கூடக் கழற்றாமல் பெஞ்சில் படுத்திருக்கிறார்கள். இன்னும் முப்பத்தொரு பேர் மருத்துவமனையில். ஹாட்டிஷ் பரிமாற அவர்களைக் கூப்பிடப் போனவர் ஜாய்ஸ்.

வருத்தப்பட்டேனா? பட்டேன். இப்போதும் படுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்டால் அதையும் சொல்லிவிடுகிறேன். இனி டேல் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை டேல் முகம் வெளுத்து வந்தார். லிட்டில் டாமரக்கிலிருந்து கோப்பை வரவழைத்திருந்தார்கள். எல்லோரும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். முந்நூற்றைம்பது. முதல் வரியில் ஜாய்ஸின் பெயர். டேல் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது.

"கை வெச்சிருக்காங்க," என்றார். "ஃபைல்ல கை வெச்சிருக்காங்க. இது நம்ம ஃபைல் இல்ல, அவங்க ஃபைல்."

அன்றைக்கே வக்கீலைக் கூப்பிட்டார். மற்ற அரங்கங்களுக்கெல்லாம் அவசரச் செய்தி போயிற்று, மாலைக்குள் மிச்சமிருந்த ஐம்பத்தைந்தும் சரியாகிவிட்டன. பிறகு என் மேசைக்கு வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக என் தோளில் கை வைத்தார். இதோ சொல்லப் போகிறார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"நல்லவேளை வெண்டல்," என்றார், "நாம அந்த ஃபைலைத் தொடல."

நான் மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அது நடந்துகொண்டிருந்தது என் கண் முன்னால். கையேடு சொன்னபடி பெயர் எழுதிய பெண்ணின் வீட்டு ஜன்னலில் ஊர்க்காரர்கள் கல் எறிந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் வெளியே வருவதே இல்லையாம். நான் அப்போதும் பேசவில்லை. குளிர்காலம் முழுக்க வேலைக்குப் போனேன், வட்டுகள் கட்டினேன். பிரிட்டாவின் ஆட்டங்களுக்குப் போனேன்.

நேற்று காலை மாநில விசாரணை அறிக்கை வந்தது. மார்னிதான் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள். ஜாய்ஸ் கோப்பைத் திருத்தியதும் காரணம், அதைக் கண்டுகொள்ளாமல் இன்ஸ்டாலர் தயாரித்த ஊழியரின் கவனக்குறைவும் காரணம் என்று போட்டிருந்தது.

"அந்த ரூல் உங்களுக்கு ஞாபகம் வரலயா வெண்டல்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "பரவால்ல, எனக்கும்தான் தோணல. எல்லாருக்கும் வர்றதுதான்." பிறகு, வயதானவர்களிடம் பேசுகிற மாதிரி, மெதுவாக, "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். டேல் கதவோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் அதே பரிதாபம். இன்று விடிந்ததும் வண்டியை எடுத்தேன்.

ஜாய்ஸைக் காப்பாற்றத் தானாக முன்வந்தார் என்று எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. எழுதுங்கள், உங்கள் இஷ்டம். அவர் வெளியே வருவது நல்லதுதான், எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் மேடம், அந்த நாற்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் திருத்தச் சொல்லிவிடுங்கள். ஐம்பத்தெட்டுக் கோப்புகளில் ஒவ்வொன்றிலும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று தெரியும், சேர்க்கவில்லை. எத்தனை மணி நேரத்தில் அந்த அறையில் என்ன ஆகும் என்று தெரியும். அந்தப் பெண் கேட்டபோது அவருடைய கோப்பைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் பார்த்துத்தான் செய்தேன். என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள்.